முதல் பந்தி

இந்த ஊர் விருந்துகளில் நான் எத்தனை வடை தின்றிருக்கிறேன் என்பது என்னைவிட அத்தைக்கு நன்றாகத் தெரியும். ஒதியம்பட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் இதை யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தால் அவள் இருக்கும் பக்கம் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டேன்.

உறவில் அவள் என் மாமனாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் தெருவில் சிறிசு பெரிசு எல்லோருக்கும் அத்தைதான். சமையல்காரி இல்லை. நன்றாகச் சமைப்பாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் வீட்டுக் குழம்பு உப்பும் உறைப்பும் இல்லாமல் காய்ச்சல்காரனுக்கு வைத்தது போல இருக்கும். அவள் செய்தது பட்டியல் போடுவது மட்டும். எங்கள் தெருவில் முக்கால்வாசி வேதக்காரக் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஆனால் வளைகாப்பு எல்லோரையும் போல எங்களுக்கும் உண்டு. பெண்ணின் தாய் வீட்டில் ஏழு வகைச் சோறு சமைத்து, வண்டியில் ஏற்றி, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய், வளையல் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அப்படி ஒன்று முடிவானால் பங்குச் சாமியாரிடம் சொல்வதற்கு முன்னால் அத்தையிடம் சொல்வார்கள்.

அவள் வந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். பால் ஊற்றாத டீ ஒரு தம்ளர் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வாள். அதையும் பாதிதான் குடிப்பாள். "வர்றவங்க பேரப் படி" என்பாள். வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் படிக்கப் படிக்க, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வருவாள்.

"கரியமாணிக்கத்துச் சம்பந்தி வூடு, ஆறு பேரு."

"ஆறு பேரு இன்னாத்துக்கு? பெரியவரு தேங்காசாதம் தொட மாட்டாரு, பல்லு இல்ல. அவரு பொஞ்சாதி கிளறி வெச்சிட்டு எழுந்துக்கும். பசங்க ரெண்டும் சக்கரப் பொங்கல தின்னுட்டு ஓடிடும். நாலு பேர் சோறு போட்டா மிஞ்சும்."

"நம்ப வாத்தியார் வூடு, மூணு பேரு."

"மூணு பேர அஞ்சா எழுதிக்கோ. அவரு புளிசாதத்துக்கு நாலு தடவ கை நீட்டுவாரு. போன தடவ பொட்டலம் கட்டி பையில போட்டுகினதயும் சேத்துக்கோ."

கடைசியில் புளிக்கு இத்தனை கிலோ, எலுமிச்சைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு வரும். வில்லியனூரிலிருந்து வரும் சமையல் மாஸ்டர் எடுத்த எடுப்பில் கேட்பது, "அந்தம்மா அளவு சொல்லிட்டாங்களா?" என்பதுதான். அவள் அளவு சொன்ன விருந்தில் கடைசிப் பந்தி முடிந்ததும் அண்டாவில் ஒரு கரண்டி நிற்கும், அவ்வளவுதான். அதை வழித்து நாய்க்குப் போடும்போது வீட்டுக்காரர் முகத்தில் பெருமை தெரியும். அதனால்தான் அவளை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. சாப்பாட்டைச் சரியாக அளக்கத் தெரிந்தவளை வைத்துக்கொண்டு அவள் வாயை மட்டும் அடைக்க முடியுமா?

அவள் புருஷன் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சாப்பிடும்போது தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அருள்மேரிக்குச் சிரிப்பு வராது. எதிர்வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்தில் டீச்சர், கொஞ்சம் பூசின உடம்பு. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், எல்லாம் பிடித்துப்போய், ஊர்ப்பெரியவள் என்று அத்தையிடம் ஒரு வார்த்தை விசாரித்தார்கள். "நல்ல பொண்ணு. பொய் சொல்லாது, கோவம் வராது. ஒரு ஒக்காரலுக்குப் பதினோரு இட்லி. அவங்க அக்கா கல்யாணத்துல நான் பாத்தேன்" என்றாள் அத்தை. அவர்கள் திரும்பி வரவில்லை. அருள்மேரியின் அம்மா சண்டைக்குப் போனபோது அத்தை அசரவே இல்லை. "ஒம்பது தின்னதையா பதினொண்ணுன்னு சொன்னேன்? பதினொண்ணுதானே தின்னா" என்று கேட்டாள். அருள்மேரிக்கு இப்போது முப்பத்தாறு வயது.

ஸ்டெல்லாவின் புருஷன் பைக்கில் போய் விழுந்து செத்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பாடு போட்டார்கள். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாத ஸ்டெல்லா அன்றைக்குத்தான் பசித்து உட்கார்ந்தாள். ஆறு மாதம் கழித்துக் கோயில் வாசலில் அவள் எதற்கோ அழுதுகொண்டிருந்தபோது அத்தை பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "முப்பதாம் நாளு ரெண்டு தடவ பாயாசம் வாங்குனா. அழுது தீந்துபோச்சுன்னு நெனச்சேன்." ஸ்டெல்லாவுக்குக் காது கேட்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டாலும் என்ன என்று நினைத்திருப்பாள். நடந்ததைத்தானே சொன்னாள்.

அதுதான் அவளிடம் எரிச்சலான விஷயம். வம்பு பேசுகிறவள் என்றால் சமாளித்துவிடலாம். பத்துக்கு இரண்டாவது பொய்யாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மீதி எட்டையும் தள்ளிவிடலாம். இவள் சொன்னதில் ஒரு பருக்கை தப்பாக இருக்காது. முகத்தில் பகையும் இருக்காது. ரேஷன் கடையில் தராசைப் பார்த்து எடை சொல்கிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கல்யாணமான முதல் வருஷமே எனக்கு நாள் தள்ளிப் போனது. அப்போது அரசு வேலைக்கான பரீட்சை ஒன்றுக்கு ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும் என்று ஒரு பயம். நானும் என் வீட்டுக்காரரும் யோசித்து, டவுனுக்குப் போய், யாருக்கும் தெரியாமல் அதைக் கலைத்துவிட்டு வந்தோம். பரீட்சையில் நான் தேறவும் இல்லை. அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஒன்றும் தங்கவில்லை. என் மாமியார் வேண்டாத மாதா இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வில்லியனூருக்குச் செருப்பில்லாமல் நடந்துபோய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார். திரும்பி வந்து குதிகாலில் எண்ணெய் தடவிக்கொள்ளும்போது என்னைப் பார்ப்பார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

ஐந்தாவது வருஷம்தான் தங்கியது. ஏழாம் மாதம் வளைகாப்பு. என் தாய் வீடு பாகூர். சோறு அங்கிருந்துதான் வர வேண்டும். ஆனால் அளவை அத்தை சொல்லட்டும் என்று என் அம்மாவையும் ஒதியம்பட்டுக்கு வரவழைத்தார் மாமியார். எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பெயர் படித்து முடிந்தது. அம்மா கேட்டார், "ஏழுல எள்ளுசாதம் சேத்துக்கலாமாங்க? எள்ளு சூடுன்னு சில பேரு வேணாங்கறாங்க."

அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "ஏழாம் மாசத்துல எள்ளு ஒண்ணும் பண்ணாது. மொதல்லதான் ஆவாது. அதெல்லாம் அவளுக்கே தெரியும். அஞ்சு வருசத்துக்கு முன்ன பாகூர்ல அவங்க சித்தி மவ வளைகாப்புல எள்ளுசாதத்த மட்டும் எல ஓரத்துல தள்ளி வெச்சா. ஊறுகாய நாலு தடவ வாங்குனா. மாசமா இருக்கறான்னு அன்னிக்கே நெனச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞானஸ்நான வூட்ல மூணு எள்ளுருண்டை தின்னா. சரி, கலைஞ்சிட்டுது, இல்லன்னா கலைச்சிட்டாங்கன்னு வுட்டுட்டேன்."

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "எள்ளுக்கு மூணு கிலோ போதும்" என்றாள்.

என் மாமியார் என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் காலடியில் கிடந்த வேப்பிலையைக் கட்டைவிரலால் நகர்த்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் இல்லை, இன்று வரை அவர் "எனக்கும் தெரியும், நானும் கூடப் போனேன்" என்று தன் அம்மாவிடம் வாயைத் திறந்து சொன்னதில்லை. அத்தைமேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி அவருக்குச் சேர வேண்டியது. ஆனால் அவரோடு நான் குடித்தனம் பண்ண வேண்டும்.

மாமியார் என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினார். சாமியார் பொறுமையாகக் கேட்டு, செபம் சொல்லச் சொல்லி மன்னித்துவிட்டார். மாமியார் மன்னிக்கவில்லை. என் மகள் பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் ஒரு தம்ளர் உடைந்தால்கூட, "ஒண்ண தின்னுட்டு ஒண்ண பெத்தவ, கை எப்படி நெலையா இருக்கும்" என்பார். மகளுக்கு முன்னாலேயே சொல்வார். ஒருநாள் அந்தக் குழந்தை என்னிடம் வந்து, "நீ இன்னாமா தின்ன?" என்று கேட்டது. அன்றைக்கு முடிவு பண்ணினேன். அத்தைக்கு எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு பந்தியை நான் போட்டுக் காட்டுவேன் என்று.

அதற்குச் சந்தர்ப்பமும் வந்தது. அத்தைக்கு ஒரே மகள், ரீட்டா. அம்மாவின் கண்ணும் வாயும் துளிகூட வராத பெண். என்னை அக்கா அக்கா என்று சுற்றிச் சுற்றி வரும். மடுகரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குப் பத்து நாள் முன்னால் எனக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, எங்க மாமியாருக்கு என்ன அனுப்ப மனசே இல்லக்கா. எங்கம்மா வாய் அவங்க காதுக்கும் வந்துருக்குது. ஏதாவது சாக்கு கெடச்சா நிறுத்திக்கலாம்னு பாக்கறாங்க."

"அதெல்லாம் அனுப்பிடுவாங்க. பயப்படாத."

"இல்லக்கா, இங்க ஒரு வழக்கம் கீது. பெத்தவள தவுர, பொண்ணு வூட்டுப் பொம்பளைங்க எல்லாரும் மொதப் பந்தியில ஒக்காந்து கை நனைக்கணும். கொண்டாந்த சோத்த கொண்டாந்தவங்களே தின்னாதான் இவங்க தொடுவாங்க. அப்புறம்தான் பொண்ண அனுப்புவாங்க. நீங்கல்லாம் நல்லா சாப்டுங்கக்கா. அம்மா இருக்காங்கன்னு கூச்சப்பட்டுகினு கிளறி வெச்சிடாதீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்கு ரொம்ப பயமா கீதுக்கா. எங்கம்மாகிட்டதான் பெத்துக்கணும்."

சரி என்றேன். போனை வைத்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் மகளிர் குழுக் கூட்டத்தில் என் யோசனையைச் சொன்னேன். போவோம், வளையல் போடுவோம், உட்காருவோம்; ஒரு பருக்கை தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்திருப்போம். முதலில் ஸ்டெல்லா சிரித்தாள். அருள்மேரி, "ரீட்டா பாவம்ல?" என்றாள். "ரீட்டாவுக்கு இன்னா ஆயிடப் போவுது? வளையல் போட்டு ஆசீர்வாதம் பண்ணத்தானே போறோம்" என்றேன். அவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள், அதனால்தான் சொல்லவில்லை. இதை இப்படியே எழுதிவிடுவது நல்லது.

நடுவில் அத்தை ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பட்டியல் போட அவள் மற்ற வீடுகளுக்குப் போவாள்; இந்தத் தடவை அவள் வீட்டு விசேஷம், யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. கொல்லையில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புளி, எலுமிச்ச, தேங்கா, மாங்கா, தயிரு, சக்கரப் பொங்கல். ஆறு. ஏழாவது கருவேப்பில போடறேன்" என்றாள். "எள்ளு போடல. உனக்காவத்தான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அது மன்னிப்பா குத்தலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மன்னிப்பாக இருந்தால் என் திட்டம் கெட்டுவிடும். குத்தல் என்றே வைத்துக்கொண்டேன். "உங்க இஷ்டம் அத்த" என்று சொல்லிவிட்டுத் துணியை ஓங்கி அடித்தேன். சோப்புத் தண்ணீர் அவள் சேலையில் தெறித்தது. துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வளைகாப்பன்று விடியற்காலையில் கிளம்பினோம். ஒரு வேன், இருபத்திரண்டு பெண்கள், காலடியில் ஏழு அண்டா. சமையல் மாஸ்டர் அன்றைக்குப் பிரமாதமாகச் செய்திருந்தார். புளிசாதத்தின் வாசனையில் வண்டி முழுக்கப் பசித்தது. யாரும் காலையில் டீக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை.

மடுகரையில் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். ரீட்டா பச்சைப் பட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பை, ஊருக்கு வருவதற்காகக் கட்டிய பை, கதவோரம் தயாராக இருந்தது. உபதேசியார் செபம் சொன்னார். ஒவ்வொருத்தியாகப் போய்ச் சந்தனம் பூசி வளையல் போட்டோம். என் முறை வந்தபோது ரீட்டா என் கையைப் பிடித்து, "மறந்துடாதீங்கக்கா" என்றாள். நான் அவள் கன்னத்தைத் தட்டினேன்.

பந்தி போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் சுற்றி நிற்க, நாங்கள் இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஏழு சோறும் வந்தது. வடையும் அப்பளமும் வந்தது. அத்தை வழக்கம் போலப் பந்தியின் கோடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பரிமாறி முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்ததும் இலையின் கீழ்ப் பாதியைத் தூக்கி மேல் பக்கமாக மடித்தேன். சாவு வீட்டில் அப்படித்தான் மடிப்போம். அது பேசி வைத்ததில்லை. கை தானாகச் செய்தது என்றும் சொல்ல மாட்டேன். செய்ய வேண்டும் என்றுதான் செய்தேன். என்னைப் பார்த்து அருள்மேரி, அவளைப் பார்த்து ஸ்டெல்லா என்று வரிசையாக இருபத்திரண்டு இலையும் அதே பக்கம் மடிந்தன.

ரீட்டாவின் மாமியார் முன்னால் வந்தார். "இன்னாம்மா இது? கொண்டாந்தவங்களே கை நனைக்காம மூடிட்டா நாங்க இன்னான்னு நெனைக்கிறது? சோத்துல ஏதாவது கீதா? இல்ல உங்க ஊருல இந்தக் குடும்பத்த ஒதுக்கி வெச்சிருக்கீங்களா?"

அத்தை இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தாள். நான் இத்தனை வருஷமாகப் பார்க்க ஏங்கிய முகம் அது. பிறகு அவள் வாய் திறந்தாள்.

"ஒண்ணும் இல்ல சம்பந்தி. வர்ற வழியில கடையில டிபன் சாப்டாங்க. நாந்தான் வாங்கிக் குடுத்தேன். வயிறு ரொம்பிட்டுது, அதான்."

இன்னொருத்தி தின்றதைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். அதையும் எங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். தன் மகளுக்காகத்தான், ஆனாலும் அதில் நாங்களும் இருந்தோம். ரீட்டாவின் மாமியார் கெட்டிக்காரி. அத்தையை விட்டுவிட்டு அருள்மேரியிடம் திரும்பினார். "அப்படியாம்மா? இன்னா டிபன் சாப்டீங்க?"

அருள்மேரி பொய் சொல்லாத பெண். அத்தையே அப்படித்தான் சான்றிதழ் கொடுத்திருந்தாள்.

"இல்லீங்க. நாங்க ஒண்ணும் சாப்டல" என்றாள்.

அவ்வளவுதான். மாமியார் கதவோரம் இருந்த பையை எடுத்து வீட்டுக்குள் வைத்தார். "சொந்த ஊரு சனமே கை நனைக்காத வூட்டுக்கு எம் மருமவள அனுப்ப மாட்டோம். ஆஸ்பத்திரி இங்கியும் கீது" என்றார். அத்தையின் புருஷன் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். உபதேசியார் சொல்லிப் பார்த்தார். எங்கள் சோறு வேண்டாம் என்று அவர்கள் வீட்டு ஆள் ஒருவன் பரோட்டா வாங்கிவர வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ரீட்டா எழுந்து நின்றாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அவள் தன் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அக்கா" என்றாள். யாரோ அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவளுக்குப் பிரசவம் மடுகரையிலேயே ஆனது. குழந்தைக்கும் அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டும் ஆண்டவர் காப்பாற்றினார். ஆனால் குழந்தையைப் பார்க்க அத்தையை விட்டது மூன்று மாதம் கழித்து, அதுவும் வாசலோடு. ரீட்டா இன்று வரை ஒதியம்பட்டுக்கு வரவில்லை. என் நம்பரையும் போனில் தடுத்து வைத்திருக்கிறாள். அத்தை அதன் பிறகு யார் வீட்டுக்கும் பட்டியல் போட வரவில்லை. அவள் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் எங்கள் தெரு விருந்துகளில் அண்டா அண்டாவாகச் சோறு மிஞ்சுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்குத் திரும்பி வந்த வேனைப் பற்றி.

மதியம் இரண்டரை மணி வெயில். ஏழு அண்டாவும் கிட்டத்தட்ட அப்படியே எங்கள் காலடியில். கையில் மிஞ்சிய வளையல்களைப் பிடித்துக்கொண்டு, சந்தனம் காய்ந்த விரல்களோடு, இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஜெயித்த மாதிரியும் இல்லை. "பொண்ண நிறுத்திடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று ஸ்டெல்லா மட்டும் முணுமுணுத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பசி வயிற்றைப் பிடுங்கியது. புளிசாதம் ஆறிப்போய் இன்னும் நன்றாக மணத்தது.

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, "தம்பி, அந்தப் புளியமரத்தாண்ட ஓரமா நிறுத்துப்பா" என்றாள்.

வண்டி நின்றது. திட்டப் போகிறாள் என்று நினைத்தோம். அவள் எழுந்து வந்து முதல் அண்டாவின் மூடியைத் திறந்தாள். பாக்குமட்டைத் தட்டுகளை எடுத்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அருள்மேரிக்குக் கருவேப்பிலை சாதம் நிறைய, மூன்று வடை. ஸ்டெல்லாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி, முந்திரியைத் தேடிப் பொறுக்கி மேலே வைத்தாள். ஒவ்வொருத்திக்கும் என்ன பிடிக்கும், எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்; அப்படியே வந்தது. தட்டை வாங்க மாட்டேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. முதலில் யார் வாயில் வைத்தது என்று நான் கவனிக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அள்ளி அள்ளித் தின்றோம். மடுகரையில் இதில் ஒரே ஒரு வாய் தின்றிருந்தால் போதும், ரீட்டா எங்களோடு வந்திருப்பாள்.

என் தட்டில் தயிர்சாதமும் மாங்காய் சாதமும் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"மொதப் பந்தி விசயத்த ரீட்டா உனக்குப் போன்ல சொன்னா இல்ல?" என்று கேட்டாள்.

நான் தயிர்சாதத்தை அள்ளி வாயில் வைத்தேன்.

"நாந்தான் சொல்லச் சொன்னேன். நான் சொன்னா இவளுங்க கேக்க மாட்டாளுங்க. நீ சொன்னா கேப்பாளுங்க. 'உன் அக்காகிட்ட சொல்லிடு, அவ பாத்துக்குவா'ன்னு ரீட்டாகிட்ட நாந்தான் சொன்னேன்."

குரலில் பகை இல்லை. எள்ளுக்கு மூன்று கிலோ போதும் என்று சொன்னாளே, அதே குரல். வேனுக்குள் மெல்லுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அருள்மேரி என்னைப் பார்த்தாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். இருபத்தொரு பேரும் சோறு ஒட்டிய கையோடு என்னைப் பார்த்தார்கள்.

என் தட்டில் தயிர்சாதம் தீர்ந்திருந்தது. அத்தை அண்டாவில் கரண்டியை விட்டு இன்னொரு கரண்டி எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"தின்னு" என்றாள்.

பசித்தது. தின்றேன்.